ஞானஸ்நானச் சட்டைக்குக் கீழே இருந்த பெட்டி

1997 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். இன்று விடிந்ததிலிருந்து துறைமுகத் தண்ணீருக்குள் ஒன்பது வெடிகள்.

மகன், நீ வாசிக்கும் காலத்தில் இந்த வெடி என்னவென்று உனக்குத் தெரியாது என்று நம்புகிறேன். அதனால் விளக்கிவிடுகிறேன். யாரும் அடியால் நீந்தி வந்து கப்பலுக்குக் குண்டு வைத்துவிடக்கூடாது என்பதற்காகக் கடற்படைக்காரர் நேரங்காலம் இல்லாமல் சின்ன வெடிகளைத் தண்ணீருக்குள் போடுகிறார்கள். காதில் விழ முன்னரே காலில் தெரியும். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டின் சீமெந்துத் தரை உள்ளங்காலை ஒருமுறை தட்டும், அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். பிறந்த புதிதில் நீ இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வீரிட்டு அழுவாய். இப்போது கண்ணைக்கூடத் திறப்பதில்லை. இரண்டு மாதத்தில் உனக்குப் பழகிவிட்டது. எனக்குப் பயமே அதுதான். எதுவும் பழகிவிடும். உள்ளே வெடிப்பதும் பழகிவிடும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உனக்கு இருபது வயதாகும் வரை இதைத் தரவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தொட்டிலில் கிடக்கிறவனை மீசை முளைத்தவனாக நினைத்து எழுதுவது எனக்கே விசராகத்தான் இருக்கிறது. ஆனால் நேரே இருத்தி வைத்துச் சொல்ல எனக்குக் காலம் கிடைக்குமா என்று தெரியாது. ஒளித்து வாசிக்காதே. சபை வாலிபர் சங்கத்தில் உன்னோடு பந்தடிக்கிறவர்களுக்கும் காட்டு. அவர்களுடைய அப்பாமாரில் யாராவது இதைச் சொல்லியிருக்கக்கூடும், ஆனால் இன்னும் பணிவாகச் சொல்லியிருப்பார்கள். எனக்குப் பணிவாகச் சொல்ல நேரமில்லை.

விஷயம் இதுதான். நாளை காலை எட்டரைக்கு உனக்கு ஞானஸ்நானம். உன் தலையில் தண்ணீர் ஊற்ற முன் போதகர் என்னைப் பார்த்து, பாவத்தை விட்டு மனந்திரும்பி இயேசுவைப் பற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்பார். எல்லாத் தகப்பன்மாரும் "ஓம்" என்று சொல்லிவிட்டுப் படம் எடுக்கப் போய் நிற்பார்கள். நான் படித்தது டீசல் இயந்திரமும் குளிரூட்டலும். அளந்து பார்க்காமல் அழுத்தம் இவ்வளவு என்று எழுதி வைக்கிறவனை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அந்த "ஓம்" இன்று காலை வரை என்னிடம் இருக்கவில்லை. ஏனென்றால் என் கூட்டாளி தவராசா பிடிபட்டு எட்டு நாளாகப் படைமுகாமில் இருக்கிறான். அவன் அங்கே இருப்பது என்னுடைய பொருளுக்காக. அது என்னுடையது என்று நான் இன்னும் போய்ச் சொல்லவில்லை. இன்று மூன்று மணிக்குப் போகிறேன். திரும்பி வருவேனா, அவன் இருக்கிற இடத்தில் நானும் இருப்பேனா என்று சொல்ல ஏலாது.

தவராசா யார் என்று நீ அறிந்திருக்க வேண்டும். குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரைத் தாண்டி இருக்கும் கிளிவெட்டிக்காரன். உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டித் திருத்தும் பிற்றர். என்னை விட மூன்று வயது மூத்தவன், ஆனால் நான் அவனுக்கு மேலாள் என்பதால் "இஞ்சினியர் ஐயா" என்று நக்கலடிப்பான். நான் இஞ்சினியர் இல்லையடா, வெறும் டிப்ளோமா என்று சொன்னால், "டிப்ளோமா எண்டா இஞ்சினியரில அரைவாசி. அப்ப அரை ஐயா எண்டு கூப்பிடட்டே?" என்பான். சைவக்காரன். வெள்ளிக்கிழமை மீன் தொடமாட்டான். மீனுக்கு ஐஸ் போடுகிற இடத்தில் நின்றுகொண்டு நீ மீன் தின்னாவிட்டால் சம்பளம் எங்கிருந்து வரும் என்று நான் கேட்பேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பூட்டிப்போட்டுப் போறியளே, அப்ப மட்டும் மீன் பழுதாகாதோ என்று அவன் கேட்பான். இப்படித்தான் எங்கள் கதை.

உன் அம்மாவைக் கலியாணம் செய்த வருடம் தொழிற்சாலையில் ஒரு குழாய் வெடித்து அமோனியா கிளம்பியது. மூச்சுக்குள் போனால் நெஞ்சைத் தின்னும் வாயு. அவசரத்துக்கு மூடுவதற்கென்றே சிவப்புச் சக்கரம் வைத்த ஒரு வால்வு இருந்தது. எனக்கு முன்னிருந்தவர்கள் அதை ஒருநாளும் திறந்து மூடிப் பார்த்ததில்லை. நானும் பார்க்கவில்லை, அடுத்த திருத்த வேலையோடு பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினேன், அசையவில்லை. கண் எரிந்து வெளியே ஓடி வந்துவிட்டேன். தவராசா ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ் மூடுகிற சாக்கைத் தண்ணீரில் தோய்த்துத் தலையில் போட்டுக்கொண்டு, பெரிய குறடோடு உள்ளே போனான். அவன் போனதால் நானும் பின்னால் போனேன். இரண்டு பேரும் தொங்கி முறுக்கித்தான் அது மூடியது. வெளியில் வந்து இருமி முடித்தபிறகு அவன் சொன்ன முதல் வசனம்: "அரை ஐயா, அந்த மனுசனை இடைக்கிடை சுத்திவிட்டிருந்தா இண்டைக்கு இவ்வளவு கோவிச்சிருக்க மாட்டார்." அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் அந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறேன். இரும்பு விஷயத்தில் ஒருமுறை பட்டால் எனக்குப் போதும். என் விஷயத்தில்தான் போதவில்லை.

என்னிடம் ஒரு மீற்றர் இருக்கிறது. மின்சாரம் ஓடுகிறதா, சுருள் அறுந்திருக்கிறதா என்று பார்க்கிற, முள் ஆடும் கருவி. தொழில்நுட்பக் கல்லூரியில் எங்கள் பிரிவில் முதலாவதாக வந்ததற்குப் பரிசாகக் கிடைத்தது. அது வந்த பெட்டியின் மூடிக்குள் என் பெயர் தட்டச்சில் அடித்து ஒட்டியிருக்கிறது. திருத்த வேலைச் சாமான் பை ஒன்று என் கையை விட்டுப் போவதென்றால் அதற்குள் அந்த மீற்றர் இருக்க வேண்டும். அது என் சட்டம். அளக்காமல் கழற்றுகிறவனை நான் விட மாட்டேன். அவன் பிடிபட்ட வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் பின்னேரம் தவராசா வந்தான்.

"மச்சான், வீட்டில தண்ணிப் பம்பு ஸ்டார்ட் வருதில்லை. வயல் காயுது எண்டு கமலா சொல்லி அனுப்பியிருக்கிறா. சாமான் பையைக் கொண்டு போகட்டே?"

"கொண்டு போ. கண்டபடி கழட்டாத. முதல்ல கொயில் சுருளை மீற்றரால பார்."

"உங்கட மீற்றரைக் கேக்காமல் நான் சோறுகூடத் தின்னமாட்டன். தாங்கோ."

பையைக் கட்டிக் கொடுத்தது நான். மீற்றரைத் துணியில் சுற்றி உள்ளே வைத்ததும் நான். பெட்டி பெரிதென்று அதை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டேன்.

மூதூருக்கு லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் போகிறவர்கள் பற்றறி கொண்டு போகக்கூடாது. அந்தப் பக்கம் போகும் பற்றறி குண்டு செய்யப் போய்விடும் என்று தடை. அதனால் இறங்குதுறைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பயணக்காரர் ரோச் லைற்றிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் பற்றறிகளைக் கழற்றி, கடதாசியில் பெயர் எழுதிச் சுற்றி, கடைக்காரருடைய பால்மா ரின்னுக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு எடுத்துக்கொள்வார்கள். தவராசாவும் தன் ரோச்சைக் கழற்றி ரின்னுக்குள் போட்டிருக்கிறான். சாமான் பையைத் திறந்து இன்னொருமுறை தேடியும் பார்த்திருக்கிறான்; கடைக்காரர் கண்டவர். ஆனால் மீற்றரின் முதுகுக்குள் ஒரு சின்னப் பற்றறி இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. அவனுக்கு அது முள் ஆடுகிற ஒரு பெட்டி. எனக்குத் தெரியும். போன மாதம் புதிதாக வாங்கிப் போட்டவன் நானே. பையைக் கட்டும்போது மறந்துவிட்டேன்.

சோதனைச் சாவடியில் மீற்றரைக் கழற்றினார்கள். பற்றறி இருந்தது, இரண்டு வயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பற்றறியும் வயரும் ஒன்றாக இருந்தால் அவர்களுக்கு அது வேறு பொருள். லோஞ்ச் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. மத்தியானம் தேநீர்க் கடைக்காரர் ஆள் அனுப்பி எனக்குச் சொல்லிவிட்டார்.

மறந்தது பாவம் இல்லை, மகன். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மறந்தது தவறு. பிறகு செய்ததுதான் பாவம். வெள்ளிக்கிழமை, பொழுதுபட விட்டுவிடுவார்கள் என்று இருந்தேன். சனிக்கிழமை, என் பெயர் ஒட்டிய அந்தப் பெட்டியை மேசையிலிருந்து எடுத்து அலுமாரியின் அடித்தட்டில், உன் வெள்ளைச் சட்டைக்குக் கீழே வைத்தேன். ஞானஸ்நானத்துக்கென்று அம்மா தைத்து மடித்து வைத்த சட்டை. வீட்டைச் சோதிக்க வருகிறவன்கூடக் குழந்தை உடுப்பைக் கிளறமாட்டான் என்று கணக்குப் போட்டேன். ஞாயிறு கோயிலுக்குப் போனேன். திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போக நான் கதிரையில் இருந்தேன்; வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். திங்கட்கிழமை முகாமையாளர் கூப்பிட்டு அந்த மீற்றர் யாருடையது என்று கேட்டார். "தெரியாது சேர், பழைய சாமானா இருக்கும்" என்றேன். வாய் நடுங்கவில்லை. முதல்நாள் உன் கை விரிந்த மாதிரி என் நெஞ்சு துடித்தது. நாலாம் நாள் துடிக்கவில்லை. எனக்கும் பழகிவிட்டது.

நான் பொறுமைசாலி இல்லை என்பதை உன் அம்மா உனக்கு நிச்சயம் சொல்லியிருப்பா. தேநீர் ஆறும் வரை காத்திருக்க மாட்டேன், நாக்கைச் சுட்டுக்கொள்வேன். பஸ் வர அஞ்சு நிமிடம் சுணங்கினால் நடந்துவிடுவேன். ஆனால் ஆண்டவருடைய காரியத்தில் மட்டும் என்னைப் போல் பொறுமைசாலி திருகோணமலையில் இருந்திருக்க மாட்டான். பதினாறு வயதில் திடப்படுத்தல் வகுப்பின் கடைசி நாள், ஒப்புக்கொடுக்க விரும்புகிறவர்கள் முன்னுக்கு வரலாம் என்று சொன்னார்கள். எனக்கு எழும்ப வேண்டும் போல் இருந்தது. உண்மையாகவே இருந்தது, முழங்கால் எழும்பத் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடச் சோதனை முடியட்டும் என்று இருந்துவிட்டேன். பிறகு கல்லூரி முடியட்டும், வேலை கிடைக்கட்டும், கலியாணம் ஆகட்டும். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே சாட்டு இருக்கிறது, சண்டை முடியட்டும் என்று. வீட்டுக்கு வெள்ளை அடிப்பதும் சண்டை முடிந்தபிறகுதான், மனந்திரும்புவதும் சண்டை முடிந்தபிறகுதான்.

தள்ளிப்போட்டால் செத்துப்போவாய், நேரம் கிடைக்காது என்று பிரசங்கத்தில் பயமுறுத்துவார்கள். அது உண்மைதான், இந்த ஊரில் அதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. ஆனால் நான் கண்டது வேறு. உன் அப்பப்பா துறைமுகத்தில் இழுவைப் படகு இயந்திரம் ஓட்டினவர். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. "பென்சன் எடுத்தாப்பிறகு ஆண்டவரோட ஆறுதலா இருந்து கதைப்பன், அவர் எங்க ஓடப் போறார்" என்பார். பென்சன் எடுத்தார். அவருக்கு நேரம் கிடைக்காமல் போகவில்லை. வருடக்கணக்கில் கிடைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் அப்பம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து கோயில் வாசலில் இறக்கிவிட்டு, அங்கே நிற்கிற வேம்பின் கீழ் சைக்கிளில் சாய்ந்துகொண்டு ஆராதனை முடியும்வரை நிற்பார். உள்ளே வாங்கோவன் அப்பா என்று ஒருநாள் கேட்டேன். "வரக்கூடாது எண்டு இல்லையடா. வரவேணும் எண்டு வருகுதில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்கோ வைத்த சாமானைத் தேடிக் களைத்த மனுசனைப் போல் சொன்னார். அவருக்குச் சாவு வரை நேரம் இருந்தது, கதவு திறந்திருந்தது, விருப்பம்தான் தீர்ந்துபோயிருந்தது. சுற்றாமல் விட்ட வால்வு அப்படித்தான் இறுகும். உனக்கு இருபது வயதில் நெஞ்சுக்குள் ஒரு இழுப்பு இருந்தால், அது நீ உண்டாக்கினது இல்லை, உனக்குத் தரப்பட்டது. அடுத்த வருடமும் அது அங்கே நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

புதன்கிழமை கமலா வந்தா, தவராசாவின் மனைவி. கிளிவெட்டியிலிருந்து பஸ்ஸும் லோஞ்சும் மாறி, கையில் சட்டித் தயிரோடு வந்தா. முகாம் வாசலில் பாதி நாள் நின்றும் அவனைப் பார்க்க விடவில்லையாம். எங்கள் வீட்டில் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு முதலில் தயிர்ச் சட்டியை உன் அம்மாவிடம் நீட்டினா.

"பிள்ளையின்ர விசேசத்துக்குக் கட்டாயம் தயிர் குடுக்க வேணும் எண்டு அவர் முதலே சொல்லி வைச்சவர் அக்கா. பிள்ளை வயித்தில இருக்கேக்கயே."

பிறகு என்னிடம் திரும்பினா. "அண்ணை, உங்களுக்குச் சிங்களம் வரும். ஒருக்கா என்னோட வந்து கதையுங்கோவன். அவர் அப்பிடிச் சாமான் கடத்துற ஆள் இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. பிடிச்ச சாமான் ஆரின்ர எண்டே அவர் சொல்லுறாரில்லையாம். தெரியாது, தெரியாது எண்டு நிக்கிறாராம். ஏனெண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

எனக்கு விளங்கியது. என் பெயரைச் சொன்னால் அவன் வெளியில் வந்திருக்கலாம். என் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே என்று அவன் என் பெயரைச் சொல்லாமல் இருக்கிறான். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மறுபடியும் எனக்கு முன்னால் உள்ளே போயிருக்கிறான். அவன் இயேசுவை அறிந்தவன் இல்லை. என் கோயில் படியில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. பிறனுக்காகத் தன்னைக் கொடுத்தவரைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து பாடியவன் நான். நான் சொன்ன பதிலைக் கேள்: "ஞாயிறு ஞானஸ்நானம் தங்கச்சி. திங்கட்கிழமை பாப்பம்."

"ஓம் அண்ணை. நல்ல காரியம் நடக்கேக்க உங்களை அலைக்கழிக்க ஏலாதுதானே. திங்கள் போவம்" என்று எழும்பினா. அந்தத் தயிரை நான் தொடவில்லை. குசினியில் மூடியபடி இருக்கிறது.

வியாழன் பின்னேரம் போதகர் வந்தார், ஞாயிறு ஆயத்தம் பற்றிக் கதைக்க. அவர் என்னை விட இளையவர். சைக்கிள் காற்றுப் போய் உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் ரியூப்பை ஒட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்.

"ஐயா, அந்தக் கேள்விக்கு நான் 'ஓம்' எண்டு சொல்லாட்டி என்ன நடக்கும்?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்லை."

"நான் கேக்கிறன்."

"எனக்கும் தெரியாது. படிப்பிக்கேல்லை. புத்தகத்தில 'ஓம்' மட்டும்தான் அச்சடிச்சிருக்கு" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். "என்ன விஷயம் எண்டு சொல்லலாமே?"

"ஒரு ஆளுக்கு நான் செய்ய வேண்டிய ஒண்டு இருக்கு. திங்கட்கிழமை செய்வன்."

அவர் சைக்கிள் சில்லை ஒருமுறை சுற்றிவிட்டார். பிறகு, "அப்ப ஞானஸ்நானத்தையும் திங்களுக்கு வைப்பமே?" என்றார். நக்கல் இல்லை, உண்மையாகவே கேட்டார். வேலைநாள் என்றாலும் தான் வருவாராம், மணிக்காரரையும் கூப்பிடுவாராம். எனக்குக் கோபம் வந்தது. ஞாயிறே நடக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பசை காயாமலே ரியூப்பை ஏற்றியிருந்தேன். பாதி வழியில் மறுபடியும் காற்றுப் போயிருக்கும்.

இன்று காலை உன் அம்மா உன் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் அழுத்துவதற்கு எடுத்தா. நான் வாசலில் சப்பாத்துக்கு மை பூசிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேருங்கோ. இது ஏன் பிள்ளையின்ர உடுப்புக்குக் கீழ கிடக்குது?"

திரும்பிப் பார்த்தேன். ஒரு கையில் வெள்ளைச் சட்டை, மறு கையில் பெட்டி. மூடியைத் திறந்து என் பெயரை வாசித்துவிட்டா. உன் அம்மாவுக்கு ஒன்றையும் இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை.

"தவராசா அண்ணையிட்டப் பிடிச்சது உங்கட மீற்றரோ?"

"ஓம்."

"கமலா வந்து உந்தக் கதிரையில இருந்திட்டுப் போனவ. நான் தயிரை வாங்கி வைச்சனான். நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஓம்."

"நல்லாத்தான் ஓம் சொல்லுறீங்கள். நாளைக்கும் ஒண்டு சொல்லப் போறீங்களாக்கும்."

அவ உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. அப்போதுதான் இன்றைய ஐந்தாவது வெடி. தரை தட்டியது, நீ அசையவில்லை. "உங்களை உள்ளுக்க போட்டாங்கள் எண்டா நான் என்ன செய்யிறது?" என்றா. அழவில்லை, கணக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டா.

"தம்பலகாமத்தில உம்மட அண்ணரிட்டப் போய் நில்லும்."

"அதை நான் பாப்பன். எனக்கு இடம் சொல்ல வேண்டாம்." உன்னைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "போறதெண்டா வெளிச்சத்தில போங்கோ. பொழுதுபட்டாப் பிறகு முகாம் வாசலுக்குப் போற ஆம்பிளையை ஆர் நம்புவாங்கள்" என்றா. பிறகு உன் சட்டையை அழுத்தி முடித்துவிட்டு, கேட்காமலே என்னுடையதையும் அழுத்தி வைத்தா.

நான் பின்னால் கிணற்றடிக்குப் போய், துணி தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். பதினாறு வயதில் எழும்பத் தொடங்கின முழங்கால். ஜெபம் பண்ண எனக்கு வராது. அறிக்கை எழுதுகிற மாதிரித்தான் வந்தது. ஆண்டவரே, நான் பயந்தேன். பொய் சொன்னேன். ஒருவனை என் இடத்தில் விட்டுவிட்டு என் பிள்ளையின் உடுப்புக்குப் பின்னால் ஒளித்தேன். இவ்வளவு காலமும் உம்மையும் வாசலில் நிற்கவைத்தேன். இனி ஏலாது. அவ்வளவுதான் சொன்னேன். வானம் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி போய்க்கொண்டிருந்தது. ஆனால் எழும்பும்போது ஒன்று தெரிந்தது, நெஞ்சு மறுபடியும் துடித்தது. ஐந்து நாளைக்குப் பிறகு எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது. அதற்காக நன்றி சொன்னேன். மரத்துப்போன கையில் நோவு திரும்புவது போல.

இதில் ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்ளாதே. நான் முகாமுக்குப் போய் உண்மையைச் சொல்வதால் என் பாவம் கழியப் போவதில்லை. அதைக் கழித்தவர் சிலுவையில் கழித்துவிட்டார். கிணற்றடியில் நான் கேட்டேன், தந்தார் என்று நம்புகிறேன். போவது கூலிக்காக அல்ல. ஆனால் போகாவிட்டால் நான் கேட்டது பொய். மனந்திரும்புதல் என்ற சொல்லில் மனம் இருக்கிறது என்பதற்காக அது மனதுக்குள் மட்டும் நடக்கிற காரியம் என்று நினைத்துவிடாதே. மனம் ஒரு பக்கம் திரும்பி, கால் பழைய பக்கமே நடந்தால் அதற்குப் பெயர் கவலை. கவலைப்படுகிறவர்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள். நானும் எட்டு நாள் நன்றாகக் கவலைப்பட்டேன். தவராசாவுக்கு அதனால் ஒரு பிளேன்ரீகூடக் கிடைக்கவில்லை.

உனக்கு என்ன சாட்டு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சோதனை இருக்கும், வெளிநாட்டு விசா இருக்கும், ஒரு பெண்பிள்ளை இருப்பா. இன்னும் கொஞ்சம் அனுபவித்துவிட்டு வருகிறேன் என்று தோன்றும். நான் செத்தோ, உள்ளே கிடந்தோ போயிருந்தால், என் அப்பாவைக் காக்காத கடவுளோடு எனக்கு என்ன கதை என்றும் கேட்பாய். கேள். நேரே அவரிடம் கேள், இன்றைக்கே கேள். சண்டை பிடிக்கவாவது கிட்டப் போ. கோயில் வாசல் வேம்பின் கீழ் மட்டும் நிற்காதே. நாளை உன் தலையில் தண்ணீர் விழும்போது உனக்காகப் பதில் சொல்லுகிறவர்கள் நாங்கள். அந்தக் கேள்வி அதோடு முடியாது, உனக்காகக் காத்திருக்கும். இருபது வயதில் அதற்குச் சரியான பதிலைக் கண்டுபிடித்தபிறகு வருகிறேன் என்று சொல்லாதே. நான் எல்லாவற்றையும் அளந்து பார்த்துச் செய்கிறவன். இதை அளக்க ஒரு மீற்றர் இல்லை. போனபிறகுதான் தெரியும். இயேசு பின்வாங்க மாட்டார். பின்வாங்குகிறவன் நீயாகத்தான் இருப்பாய், நான் இருந்தது போல.

இனிச் செய்யப் போவது:

1. இந்தத் தாள்களை மடித்து உன் அம்மாவிடம் கொடுப்பேன். நான் இன்று வீட்டுக்கு வந்தாலும் கிழிக்கச் சொல்லமாட்டேன்.

2. அழுத்தி வைத்த சட்டையைப் போட்டு, அடையாள அட்டையையும் மீற்றர்ப் பெட்டியையும் எடுத்துக்கொள்வேன். மூடியைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு போவேன், பெயர் தெரிய.

3. போகும் வழியில் போதகர் வீட்டில் ஏறி, எல்லாவற்றையும் சொல்லுவேன். சைக்கிளுக்கு மன்னிப்புக் கேட்பேன். முகாம் வாசல் வரை வருகிறீர்களா என்றும் கேட்பேன். வராவிட்டால் தனியே போவேன்.

4. முகாம் வாசலில் சிங்களத்தில் சொல்லுவேன்: இது என்னுடையது, பற்றறியைப் போட்டது நான், பையைக் கட்டியது நான், அவனுக்குத் தெரியாது.

5. தவராசாவை விட்டால், மூதூர் லோஞ்சுக்கு நேரம் இல்லாவிட்டால், இங்கே கூட்டி வந்து தயிரைத் திறப்பேன். திங்கள் காலை முகாமையாளரிடம் போய் நான் சொன்னது பொய் என்று சொல்லுவேன். இந்த ஒன்று மட்டும்தான் திங்கள், ஏனென்றால் அவர் இன்றும் நாளையும் ஊரில் இல்லை.

6. வீட்டில் இருந்தால் நாளை எட்டரைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு "ஓம்" என்று சொல்லுவேன். இல்லாவிட்டால் அம்மா தூக்குவா. நான் அதைக் கிணற்றடியில் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், ஞானஸ்நானம் நிற்கக்கூடாது.

7. இப்போது மணி மூன்று பத்து. மூன்றுக்குப் போவதாக இருந்தேன். பத்தாவது வெடி கேட்டது, நீ நித்திரை. எழுதுவதும் தள்ளிப்போடுவதுதான். பேனையை வைக்கிறேன்.